மடுவத்தில் தொடங்கும் கணக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சுற்றியுள்ள சிறுதோட்டக்காரர்களிடமும் பக்கத்துத் தோட்டங்களிலும் கொழுந்து வாங்கி அரைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அவுட்டேர்ன் விழுந்துபோச்சு தங்கச்சி. ராத்திரி ஷிப்டுல யாரோ தூள் கடத்துறாங்க. உன் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு" என்றார்.

நம் பக்கத்தில் தொழிற்சாலை வாசனையோடு வளர்ந்தவர்களுக்கு அவுட்டேர்ன் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் எத்தனை கிலோ தேயிலைத்தூள் வெளியே வருகிறது என்கிற விகிதம்தான் அது. வழக்கமாக 21, 22 என்று நிற்கும். அதாவது ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். மாதம் ஒரு இலட்சம் கிலோ கொழுந்து வாங்கும் இடத்தில் இந்த எண் ஒரு புள்ளி இறங்கினாலே ஆயிரம் கிலோ தூள் காணாமல் போனதாகக் கணக்கு காட்டும். முதலாளிக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை.

நான் கேட்டது மூன்று புத்தகங்கள்: கொழுந்துப் புத்தகம், தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எழுதும் தினசரி உற்பத்தித் தாள், பக்கத்துத் தோட்டத்து மழைக் கணக்கு. மூன்றையும் எக்செலில் ஏற்றி, நாள் நாளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவுட்டேர்ன் மோசமாக விழுந்த நாள்கள் அநேகமாக எல்லாமே கனமழை நாள்கள். மழையில் எடுத்த கொழுந்தில் இலையோடு தண்ணீரும் தராசில் ஏறுகிறது. அதற்காக ஒரு கழிவு போடுகிறார்கள்தான். ஆனால் தூறலுக்கும் அதே கழிவு, நாள் முழுக்கக் கொட்டும் மழைக்கும் அதே கழிவு. மிச்சத் தண்ணீரெல்லாம் கொழுந்து என்ற பெயரில் புத்தகத்தில் ஏறி, வாட்டும் தட்டில் ஆவியாகி, இரவு ஷிப்ட் பையன்கள் தலையில் திருட்டுப் பழியாக விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. மாதக் கடைசி நாள் மாலையில் வரும் கொழுந்து இரவெல்லாம் வாடி, மறுநாள்தான் உருளைக்குப் போகிறது. பிறகு புளிக்க வைத்து, காய வைத்து, சலித்து, தரம் பிரித்துத் தூளாகக் கணக்கில் ஏறும்போது அடுத்த மாதம் பிறந்துவிடுகிறது. கொழுந்து ஜூனில், தூள் ஜூலையில். ஜூன் தூளை ஜூன் கொழுந்தால் வகுத்தால் கிடைப்பது அவுட்டேர்ன் அல்ல. வந்த கொழுந்துக்கு நாள் எண் கொடுத்து, அந்த எண்ணையே தூள் வரைக்கும் கொண்டுபோனோம். அவுட்டேர்ன் கோடு சமமாகிவிட்டது. அந்தப் பையன்கள் மீதிருந்த பார்வையும் மாறியது. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் அது ஒன்று.

டேட்டா அனலிட்டிக்ஸ், பிஸ்னஸ் இன்டெலிஜன்ஸ் என்றதும் நம் கம்பனிகள் கொழும்பு ஒஃபிஸில் பெரிய திரையையும் அதில் சுழலும் மீட்டர்களையும் நினைக்கின்றன. பிஸ்னஸ் இன்டெலிஜன்ஸ் என்ற சொல் ஒன்றும் புதிதல்ல. ஐபிஎம் ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958லேயே இதைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். 1989இல் ஹோவர்ட் டிரெஸ்னர் இன்றைய பொருளில் அதைப் பரப்பினார். அன்றிலிருந்து கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. வேலை மாறவில்லை: நடந்ததைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் பதிவது, பதிந்ததை ஒன்றோடொன்று இணைப்பது, இணைத்ததைக் கேள்வி கேட்பது. நம் மலைநாட்டுக் கம்பனிகளுக்கு அந்தச் சரியான இடம் கொழுந்தை நிறுக்கும் மடுவம். டாஷ்போர்டை, அதாவது எண்களை ஒரே பார்வையில் காட்டும் திரையை, அங்கிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் நான் போகிற இடமெல்லாம் சொல்வது.

மடுவத்தில் என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பாருங்கள். காலை, மதியம், மாலை என்று நிறுவை. பெண்கள் மலையிலிருந்து இறங்கி வரிசையில் நிற்கிறார்கள். சாக்கு தராசில் தொங்குகிறது. கணக்கப்பிள்ளை பெயரையும் கிலோவையும் பதிகிறார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார். முன்பு முள் தராசும் பென்சிலும். இப்போது பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு, கையடக்கக் கருவி, ஆளுக்கொரு அட்டை. அட்டையைக் காட்டினால் எண் தெரியும், எடை தானாகவே ஏறும். அந்த ஒரு பதிவிலிருந்துதான் அவளுடைய சம்பளம், தோட்டத்தின் செலவு, தொழிற்சாலையின் அவுட்டேர்ன், கம்பனியின் லாபம் எல்லாமே கிளைக்கின்றன. அங்கே கழிக்கப்பட்ட இரண்டு கிலோ எதற்காகக் கழிக்கப்பட்டது என்று தனிப் பத்தியில் எழுதாமல் விட்டால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருள் போட்டாலும் அந்தத் தகவல் திரும்பி வராது. மொத்த எடை ஒரு பத்தி, சாக்குக் கழிவு ஒரு பத்தி, ஈரக் கழிவு ஒரு பத்தி, நிகர எடை ஒரு பத்தி. கம்பனி கணினிப் பிரிவினரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "நிகர எடை மட்டும் போதாதா?" என்பார்கள். போதாது.

அடுத்தது சராசரி. கம்பனிகள் தோட்டங்களை ஒப்பிடும்போது ஆளுக்கு எத்தனை கிலோ என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்கின்றன. ஒரு எடுத்துக்காட்டு. ஒரு நாள் நூறு பேர் மலைக்குப் போய் 1,800 கிலோ எடுக்கிறார்கள். சராசரி 18. அதில் முப்பது பேருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அரைப்பேரைப் பாதி ஆளாக எண்ணும் தோட்டத்தில் வகுக்கும் எண் 85 ஆகிவிடும். சராசரி 21ஐத் தாண்டும். அதே மலை, அதே பெண்கள், அதே கொழுந்து. ஒரு தோட்டம் பின்தங்கியது, இன்னொன்று முன்னேறியது என்று திரையில் சிவப்பும் பச்சையும் எரியும். ஞாயிற்றுக்கிழமை கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எடுப்பிக்கும் கைக்காசுக் கொழுந்து வந்தால் இன்னும் சிக்கல். கிலோ மேலே கூடும், ஆள் கணக்கு கீழே சேராது. மாதச் சராசரி அழகாக உயரும். ஆனால் வழக்கமான வேலை நாளில் யாரும் ஒரு இலை கூட அதிகமாகப் பறித்திருக்க மாட்டார்கள்.

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கணினி அறிவு தேவையில்லை, வரவும் சம்பளமும் பதியும் செக்ரோலை எப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் போதும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியும். என் அம்மா கொழுந்தெடுத்தவர். ஒரு சிஆர் கொப்பியில் தினமும் தன் கிலோவை எழுதி வைப்பார். பத்தாம் திகதி சம்பளச் சீட்டு வந்ததும் அதையும் கொப்பியையும் தரையில் விரித்து வரிவரியாக ஒப்பிடுவார். வித்தியாசம் வந்தால் மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கேட்பார். இரண்டு மூலங்களை வைத்துச் சரிபார்ப்பது என்றால் என்னவென்று நான் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்தது அது. டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கலாமா, இது கொழும்புப் பிள்ளைகளுக்கான வேலையா என்று நம் பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அரைப்பேர் என்றால் என்னவென்று தெரிந்தவள் எழுதும் ஒரு வரி ஃபோர்முலாவை, தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் எழுத முடியாது.

சரி, இணைப்பதற்கு வருவோம். ரால்ஃப் கிம்பல் 1996இல் எழுதிய டேட்டா வெயார்ஹவுஸ் கையேடு இன்றைக்கும் இத்துறையின் பாடப்புத்தகம். நடுவில் நடந்த நிகழ்வுகளின் அட்டவணை, சுற்றிலும் யார், எங்கே, எப்போது, என்ன என்ற விவரங்களின் அட்டவணைகள். இதை ஸ்டார் ஸ்கீமா என்பார்கள். தேயிலைக்கு அதைப் பொருத்தினால் நிகழ்வு மூன்றாகப் பிரிகிறது: கொழுந்து நிறுத்தது, தூள் ஆக்கியது, ஏலத்தில் விற்றது. மூன்றுக்கும் மூன்று திகதிகள். முதல் இரண்டையும் சேர்க்கும் கதையை மேலே சொன்னேன். மூன்றாவதைச் சேர்ப்பது இன்வொய்ஸ் நம்பர்.

தரம் பிரித்த தூளைப் பிஓபி, பிஓபிஎஃப், பெக்கோ, டஸ்ட் என்று பொதி செய்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு இன்வொய்ஸ் நம்பர் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறோம். தரகர் மாதிரி எடுத்து, பட்டியலில் சேர்த்து, ஏலத்துக்குக் கொண்டுவரச் சில வாரங்கள் ஆகும். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி தொடங்கியது. நூற்றாண்டுக்கு மேல் மண்டபத்தில் வாயால் கூவித்தான் விற்றார்கள். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது அது ஒன்லைனுக்கு மாறியது. ஆக, இந்த வாரம் செவ்வாய், புதன் ஏலத்தில் வந்த விலை இந்த வாரக் கொழுந்தின் விலை அல்ல. இன்வொய்ஸ் நம்பரைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால்தான் எந்த நாள் அரைத்த தூள், அன்றைக்குக் கொழுந்து எந்த மலையிலிருந்து வந்தது, வாட்டம் எத்தனை மணி நேரம், மழை எவ்வளவு என்று தெரியும். "போன வாரம் பிஓபிஎஃப் விலை ஏன் இறங்கியது?" என்று கேட்கும் முதலாளிக்கு, சந்தையே இறங்கியதா, நம் தூள் மட்டும் இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியும். தரகர்கள் வாரந்தோறும் வெளியிடும் சந்தை அறிக்கையில் உயரவாரியாகச் சராசரி இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்தால் விடை பாதி வந்துவிடும்.

உயரம் என்றதும் இன்னொன்று. 1,200 மீட்டருக்கு மேல் உயர்நிலைத் தேயிலை, 600 மீட்டருக்குக் கீழே தாழ்நிலை, இடையில் மத்தியநிலை. அது மட்டும் போதாது. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கித் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது, மலையின் அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. நமக்கு அந்த நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டு பக்கமும் தோட்டம் வைத்திருக்கும் கம்பனி ஒரே இலக்கை ஒரே மாதத்துக்குப் போட்டுவிட்டு, எட்டாத தோட்டத்துத் துரையைக் கூட்டத்தில் நிற்கவைப்பது எந்த வகையிலும் நியாயம் அல்ல. இலக்குகளையும் பருவத்தோடு சேர்த்து அட்டவணையாக வையுங்கள்.

போன ஆண்டோடு ஒப்பிடும் பொத்தானும் அப்படித்தான். பவர் பிஐ என்ற டாஷ்போர்டு மென்பொருளில் ஒரே வரியில் அதை எழுதலாம், எல்லா டாஷ்போர்டிலும் இருக்கிறது. ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்கியும் மலை தேறவில்லை. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு வந்தது. அந்தப் பள்ளத்தோடு ஒப்பிட்டு 2023இல் பச்சை அம்பு காட்டினால் அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியுமா? நான் அந்த ஆண்டுகளுக்கு வரைபடத்தில் சாம்பல் நிறப் பட்டை போட்டு, காரணத்தை அங்கேயே தமிழில் எழுதி வைக்கிறேன். ஐந்து ஆண்டு கழித்துப் பார்க்கும் ஒருவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்காது. விலைக்கும் இதே கவனம் வேண்டும். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி, இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியது. ரூபாய்க் கோடு வானத்துக்கு ஏறியது. உரம், டீசல் விலையும் கூடவே ஏறியதால் கையில் அது தங்கவில்லை. ரூபாய்க் கோட்டுக்குக் கீழே டொலர்க் கோடும் இருக்கட்டும்.

இனிப் பெயர்கள். தரவுச் சுத்திகரிப்பு என்று பாடத்தில் ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள். நம் பக்கம் அதுதான் வேலையில் பெரும்பகுதி. ஒரே பெண் செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் லெச்சிமி. ஒன்றில் அப்பா பெயர் முன்னால், ஒன்றில் கணவர் பெயர். ஆங்கிலத்தில் எழுதும் கிளாக்கருக்கு எப்படிக் கேட்டதோ அப்படி. செக்ரோல் நம்பரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், ஓய்வுபெற்றவரின் நம்பரை இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். எக்செலோடு வரும் பவர் குவெரியில் எழுத்து நெருங்கிய பெயர்களைச் சேர்த்துக் காட்டும் வசதி இருக்கிறது. அது சேர்த்ததை நான் அப்படியே ஏற்பதில்லை. ஒரே லயத்தில் இரண்டு லெட்சுமி இருப்பார்கள். பட்டியலை அச்சடித்துக்கொண்டு பெரிய கிளாக்கர் ஐயாவோடும் கங்காணியோடும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறேன். "இது மேல் லயத்து லெட்சுமி, அது முருகையா மருமக" என்று கங்காணி சொல்லும்போதுதான் அட்டவணை சரியாகிறது.

இதில் இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டுமா என்று கம்பனியில் கேட்பார்கள். வேண்டும். ஈபிஎஃப்புக்குத் தொழிலாளி 8 வீதம், கம்பனி 12 வீதம் கட்டுகிறது. முப்பது ஆண்டு உழைத்துவிட்டு அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது எழுத்துப் பிழையால் அலைந்து, சத்தியக்கடதாசி கொடுத்து, பஸ்ஸுக்குச் செலவழித்து ஓய்ந்துபோனவர்களை எல்லா லயத்திலும் காணலாம். கம்பனி தன் அறிக்கைக்காகப் பெயரைத் திருத்தும்போதே அந்தத் திருத்தப் பட்டியலை ஈபிஎஃப் படிவத்துக்கும் பயன்படுத்தலாம். அதற்குத் தனியாக ஒரு சதமும் செலவில்லை.

எந்தக் கருவி வாங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய தொழிற்சாலைக்கும் ஹட்டன் டவுனில் இரண்டு மூன்று கிளை வைத்த கடைக்கும் எக்செலும் பவர் குவெரியும் நீண்ட தூரம் போகும். பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். மற்றவர்களோடு பகிரத்தான் ஆளுக்கு மாதக் கட்டணம், அது 2025 ஏப்ரலில் 10 டொலரிலிருந்து 14 டொலர் ஆனது. நம் ரூபாய்க்கு அது சின்னத் தொகை அல்ல, பார்க்கப்போகிறவர்களை எண்ணிவிட்டு வாங்குங்கள். மெட்டாபேஸ், அப்பாச்சி சூப்பர்செட் இரண்டும் திறமூலம். சொந்தமாக ஒரு சேர்வரைப் பராமரிக்க ஆள் இருந்தால் நல்ல தெரிவு. டாப்லோ அழகு, விலை கூட. எதை வாங்கினாலும் தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்கியூஎல் படியுங்கள், அது எல்லா இடத்திலும் செல்லும். மலையில் சிக்னல் இல்லாத இடங்கள் இருப்பதால் மடுவத்துக் கருவி பதிவைத் தன்னிடமே சேமித்து, ஒஃபிஸுக்கு வந்ததும் அனுப்பும்படி இருக்கவேண்டும். விற்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கேள்வியைப் பேச்சுமொழியில் கேட்டால் பதில் தரும் ஏஐயும் இப்போது இவற்றில் வருகிறது. நானும் பயன்படுத்துகிறேன், வேகம்தான். ஆனால் அரைப்பேர் பாதியா முழுசா என்று நாம் சொல்லிவைக்காத வரை அது தன் பாட்டுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வகுத்துவிடும்.

பவர் பிஐயில் இணையத்தில் எல்லாருக்கும் வெளியிடும் வசதி ஒன்று இருக்கிறது. கட்டணம் மிச்சம் என்று அதைத் தொடாதீர்கள். இணைப்புக் கிடைத்த யாரும் அதைத் திறக்கலாம். ஆள்வாரிக் கிலோவும் சம்பளமும் தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அக்கம்பக்கம் வாழும் லயத்தில் ஒருத்தியின் கிலோவை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவது அவளை அவமானப்படுத்துவது.

ஆனால் அவளுக்கு அவள் கணக்கு தெரியவேண்டும். ஒரு தோட்டத்தில் நாங்கள் வாரக் கடைசியில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கினோம். நாள், மலை நம்பர், மொத்த எடை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, நிகர எடை, பேர். எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். அதற்கு வேண்டிய தரவெல்லாம் ஏற்கெனவே கம்பனி டாஷ்போர்டுக்காகச் சேர்த்ததுதான். முதல் வாரத்திலேயே ஒரு அக்கா சீட்டோடு வந்தார். "என்னா புள்ள, புதங்கெழம மழையே இல்ல, ஈரத்துக்குக் கழிச்சிருக்கு" என்றார். மழைக் கணக்கைப் பார்த்தோம், அன்று சுழியம். அந்த டிவிஷனில் கருவியில் முந்தின நாள் போட்ட ஈரக் கழிவு மாற்றாமல் அப்படியே நின்றிருக்கிறது. எல்லாருக்கும் திருத்திக் கொடுத்தார்கள். கொழும்பில் அந்தத் தரவை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். அந்தப் புதன்கிழமை வெயிலில் நின்றவர் அவர்தான். அதற்குப் பிறகு, மழை சுழியமான நாளில் ஈரக் கழிவு வந்தால் சிவப்பில் காட்டும் விதி ஒன்றை எழுதிச் சேர்த்தேன். இப்போது கணக்கப்பிள்ளையின் திரையில் அன்றைக்கே தெரிகிறது.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருப்பது மழைத் தரவில்தான். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நாள்வாரி மழை வேண்டும், அதுவும் அந்தந்த டிவிஷனுக்கு. பக்கத்து நகரத்து அளவு உதவாது. ஒரு மலையில் கொட்டும், அடுத்த மலையில் வெயில் அடிக்கும். நம் தோட்டங்களில் மழைமானி வைத்துப் புத்தகத்தில் எழுதுவது நெடுநாள் வழக்கம், பழைய புத்தகங்கள் ஒஃபிஸ் அலுமாரிகளில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. லிந்துலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து ஒஃபிஸில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால், துரையிடம் அனுமதி கேட்டு, பக்கங்களைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். திகதியும் அளவும் தெளிவாகத் தெரியவேண்டும். அங்குலத்தில் எழுதியிருக்கிறதா மில்லிமீட்டரிலா என்று பக்கத்தின் மேலே இருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள். தட்டச்சு செய்து, அட்டவணையாக்கி, உங்கள் தோட்டத்துக்கே ஒரு பிரதி திருப்பி அனுப்புகிறேன்.